பட்டன் இருந்தது, பிடிப்பு இல்லை

வேகம் மணிக்கு இருபது மைல்கூட இருக்காது. கோவென்ட்ரிக்கு வெளியே, எனக்கு நன்றாகப் பழகிய ரவுண்டானா. நவம்பர் மாதத் தூறல். எனக்கு முன்னால் போன வேன் திடீரென்று மனம் மாறி என் பாதைக்குள் நுழைந்தது. நான் பிரேக்கைத் தொடக்கூட இல்லை. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன், அவ்வளவுதான். வண்டியின் பின்பக்கம் என்னைக் கேட்காமல் தனியாகக் கிளம்பிவிட்டது.

ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினேன் என்பது ஞாபகமில்லை. ஞாபகம் இருப்பது வைப்பர்தான். அது ஒரு தடவை போய்த் திரும்புவதற்குள் கண்ணாடிக்கு வெளியே இருந்த காட்சி முழுசாக மாறிவிட்டது. போக வேண்டிய சாலைக்குப் பதில் வந்த சாலை தெரிந்தது. அதில் ஒரு சிவப்பு ஹேட்ச்பேக், அதற்குள் வாயைப் பிளந்தபடி ஒரு பாட்டி. அவர் மெதுவாகப் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கி, அடி ஏதும் இல்லையே என்று விசாரித்தார். இல்லை என்றேன். "அழகான வண்டி" என்று சொல்லிவிட்டுப் போனார். இங்கிலாந்தில் இதெல்லாம் சகஜம்.

வண்டி 1977ஆம் வருஷத்து ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் 1500. கூரையை மடித்துவிட்டு ஓட்டுகிற, இரண்டே பேர் உட்காரக்கூடிய சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1493 சிசி, ஏறத்தாழ 70 குதிரைத்திறன், எடை 800 கிலோவுக்குள். இன்றைய குடும்பக் கார்கள் பக்கத்தில் நின்றால் இது பொம்மை மாதிரி இருக்கும். இதே ஊரில், கான்லி தொழிற்சாலையில் 1980 ஆகஸ்ட் வரை செய்தார்கள். இப்போது அங்கே கடைகளும் அலுவலகங்களும்தான். ஒரு தெருவுக்கு ஹெரால்டு அவென்யூ என்று பெயர் மிச்சமிருக்கிறது.

அந்த ஹெரால்டு நம்மில் பலருக்குத் தெரிந்த பெயர்தான். வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்களே, அதே ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ஸ்பிட்ஃபயர் அதன் தங்கச்சி. ஹெரால்டின் சேஸியைக் குட்டையாக்கி, அதே முன் சஸ்பென்ஷன், அதே பின் ஆக்ஸில் வைத்து, இத்தாலிக்காரர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்த உடம்பை மேலே மாட்டி 1962இல் விட்டார்கள். ஹெரால்டின் உடம்பை வரைந்தவரும் அவர்தான்.

சேலத்தில் என் பெரியப்பாவிடம் ஒரு ஹெரால்டு இருந்தது. நான் இந்த ஸ்பிட்ஃபயரை வாங்கியதற்கு அதைத் தவிர உருப்படியான காரணம் ஒன்றும் கிடையாது. அன்று ராத்திரி அவருக்குப் போன் பண்ணினேன்.

"வளைவுக்குள்ள இருந்தப்ப கால எடுத்தியா?"

"ஆமா பெரியப்பா."

"அதான். ஏற்காடு ஏறுறப்ப ஒண்ணும் தெரியாது கண்ணு. எறங்கறப்பத்தான் அது வேலையக் காட்டும். கால எடுக்கறதுன்னா வளைவுக்கு முன்னாலயே எடுத்துரணும். உள்ள போன பெறவு எடுக்கவே படாது." கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். பிறகு, "டயர் எப்படி இருக்கு?" என்றார்.

டயர் புதுசு மாதிரி இருக்கிறது, பட்டன் எல்லாம் அப்படியே இருக்கிறது என்றேன். உண்மைதான். 2019இல் வண்டியை விற்ற பெரியவரும் "டயர் ஏறக்குறைய புதுசு" என்றுதான் சொன்னார். அவர் பொய் சொல்லவில்லை. ஓடிய தூரத்தை வைத்துப் பார்த்தால் அது புதுசுதான்.

மறுநாள் டார்ச் அடித்துப் பக்கவாட்டில் பார்த்தேன். டிஓடி என்ற எழுத்துகளுக்குப் பின்னால் வரும் வரிசையில் கடைசி நான்கு இலக்கம்: 3804. அதாவது 2004ஆம் ஆண்டின் 38ஆவது வாரம். நான் கல்லூரியில் அரியர் எழுதிக்கொண்டிருந்த காலத்து டயர். இத்தனை வருஷம் இதைப் பார்க்கத் தோன்றவே இல்லை. இங்கே நாற்பது வயது தாண்டிய வண்டிகளுக்குப் பெரிய மாற்றம் எதுவும் செய்யாத வரை வருடாந்திரச் சோதனை கிடையாது. சோதனை இருந்திருந்தாலும் பயனில்லை. சாதாரணக் காருக்கு 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, பிறந்த தேதி கேட்க மாட்டார்கள். லாரிக்கும் பஸ்ஸுக்கும் மட்டும் 2021 பிப்ரவரியிலிருந்து முன் ஆக்ஸிலில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டயர் போடக் கூடாது என்று சட்டம்.

கட்டைவிரல் நகத்தை டயரில் அழுத்திப் பார்த்தேன். வலித்தது நகத்துக்குத்தான். ஆபீசில் ரப்பரின் கடினத்தை அளக்கும் சின்ன மானி ஒன்று உண்டு. கைக்கடிகாரம் மாதிரி முகமும் கீழே ஒரு ஊசியும். அதை இரவல் வாங்கி வந்து வைத்தேன்: 82. கார் டயரின் மேல்ரப்பர் புதுசில் அறுபதுகளில் இருக்கும். 82 என்றால் ஷாப்பிங் டிராலிச் சக்கரத்தின் ஜாதி.

ரப்பர் தேய்ந்துதான் சாகும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். சும்மா நின்றாலும் சாகும். காற்றிலுள்ள ஆக்ஸிஜன் மெல்ல உள்ளே போய் அதை இறுக்கிக்கொண்டே இருக்கும். மிருதுவாக வைத்திருக்கும் எண்ணெய்கள் வருஷக்கணக்கில் வெளியேறிக்கொண்டே இருக்கும். இன்னொரு சங்கதி எனக்கே புதுசு. வெடிப்பு விழாமலிருக்க டயருக்குள் ஒருவகை மெழுகு கலந்திருப்பார்கள். டயர் உருண்டு, நசுங்கி, நிமிர்ந்தால்தான் அது மேலே கசிந்து வந்து பூசிக்கொள்ளும். வருஷத்தில் நாலு மாதம் போர்வை போர்த்தி நிறுத்தி வைக்கிற என்னைப் போன்றவர்களின் டயருக்கு அந்தப் பூச்சும் கிடைப்பதில்லை. வண்டியைப் பொத்திப் பொத்தி வைத்தது அதற்குச் செய்த கெடுதல் ஆகிவிட்டது.

இறுகிய ரப்பரால் என்ன நஷ்டம்? தார்ச்சாலையைக் குனிந்து பாருங்கள். ஆயிரக்கணக்கான சின்னக் கற்களின் முனைகள். மிருதுவான ரப்பர் அந்த முனைகளைச் சுற்றிப் படிந்து கவ்விக்கொள்ளும். இறுகியது முனைகளின் மேலே சவாரி செய்யும். காய்ந்த சாலையில் எப்படியோ ஒப்பேற்றிவிடலாம். முனைகளுக்கு மேல் தண்ணீர்ப் படலம் வந்துவிட்டால் கதை முடிந்தது.

இனி என் முட்டாள்தனம். முந்தைய இரண்டு வருஷமாக 55 மைல் வேகத்தில் வண்டி ஒரு நடுக்கம் நடுங்கும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் என்று முடிவுகட்டி அதன் இரண்டு யுனிவர்சல் ஜாயின்ட்டையும் மாற்றினேன். போகவில்லை. பின் சக்கர பேரிங் ஒன்றை மாற்றினேன். போகவில்லை. குளிர்காலம் முழுக்க ஒரே இடத்தில் நின்று, தரையைத் தொட்ட இடத்தில் தட்டையாகிப்போன டயர்தான் காரணம் என்று கடைசியில் தெரிந்தது. அந்த ஜாயின்ட்டுக்கும் பேரிங்குக்கும் கொட்டிய காசில் நாலு டயர் வாங்கியிருக்கலாம்.

சரி, என்ன டயர் போடுவது? எங்கள் ஊர் ட்ரையம்ஃப் பிரியர்களிடம் இதைக் கேட்டால் நம் ஊரில் சாம்பாரில் வெல்லம் போடலாமா என்று கேட்ட மாதிரி. அசல் அளவு 155 எஸ்ஆர் 13, இன்றைய கணக்கில் 155/80 ஆர் 13. ஆனால் பாதிப் பேர் 175/70 போடுகிறார்கள். இன்னும் துணிந்தவர்கள் 185/60. அகலமாக இருந்தால் பிடிப்பு அதிகம், பார்க்கவும் கம்பீரம் என்பது வாதம்.

நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். 155/80 டயரின் முழு விட்டம் 578 மில்லிமீட்டர். 175/70 என்றால் 575, பெரிய வித்தியாசமில்லை. 185/60 என்றால் 552. ஏறக்குறைய நாலரை சதவீதம் குறைவு. அதாவது வண்டி 13 மில்லிமீட்டர் தரையை நெருங்கும், அதே வேகத்துக்கு எஞ்சின் நாலரை சதவீதத்துக்குச் சற்று மேலாகவே கூடுதலாகச் சுற்றும், ஸ்பீடாமீட்டர் அதே அளவுக்கு மிகைப்படுத்தும். ஓவர்டிரைவ் இல்லாத என் வண்டி ஏற்கெனவே நெடுஞ்சாலையில் கத்திக்கொண்டுதான் போகும்.

அடுத்த கணக்குதான் என்னை நிறுத்தியது. டயர் தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் முடிவு செய்வது அகலமல்ல, காற்றழுத்தம். என்னையும் சேர்த்து வண்டி 870 கிலோ, சக்கரத்துக்குச் சுமார் 217 கிலோ. காற்று 21 பிஎஸ்ஐ என்றால் சதுர செண்டிமீட்டருக்கு ஒன்றரை கிலோவுக்குச் சற்றுக் குறைவு. டயரின் விறைப்பை விட்டுவிட்டுப் பார்த்தால் 147 சதுர செண்டிமீட்டர், கிட்டத்தட்ட உள்ளங்கையை விரித்து வைத்த அளவு. அகல டயர் போட்டாலும் அதே காற்றுக்குப் பரப்பு ஏறத்தாழ இவ்வளவுதான். வடிவம் மாறும். ஒல்லி டயரில் முன்பின்னாக நீண்டிருப்பது அகல டயரில் பக்கவாட்டில் விரியும்.

வளைவில் போகும்போது டயர் பார்க்கும் திசை ஒன்று, போகும் திசை ஒன்று. இடையில் சில பாகை கோணம் இருக்கும், நழுவுகோணம் என்று வைத்துக்கொள்வோம். ரப்பர் முறுக்கிக்கொண்டு இழுப்பதால் வருகிற கோணம் அது. வண்டியைத் திருப்புகிற விசையே அந்த முறுக்கலில்தான் பிறக்கிறது. ஒல்லியான, பக்கச்சுவர் உயரமான டயரில் இந்தக் கோணம் நிதானமாகக் கூடி, நிதானமாக உச்சம் தொட்டு, நிதானமாகக் கைவிடும். அகலமாய்க் குட்டைச் சுவரோடு இருக்கும் டயரில் உச்சம் அதிகம், அதைத் தாண்டியதும் விழுவது சட்டென்று. அகல டயர் போட்ட நண்பர் ஒருவரின் ஸ்பிட்ஃபயரை ஒரு மணிநேரம் ஓட்டியிருக்கிறேன். திருப்பம் கத்தி மாதிரி. பார்க்கிங்கில் ஸ்டீயரிங்கைத் திருப்ப இரண்டு கையும் வேண்டும். எல்லை எங்கே இருக்கிறது என்று மட்டும் அந்த வண்டி கடைசிவரை என்னிடம் சொல்லவே இல்லை.

பெரியப்பா சொன்ன கால் விஷயமும் இதில்தான் வந்து சேர்கிறது. ஹெரால்டிலும் ஸ்பிட்ஃபயரிலும் பின்னால் இருப்பது ஸ்விங் ஆக்ஸில். நடுவில் டிஃபரென்ஷியல், அங்கிருந்து இரண்டு பக்கமும் பறவையின் சிறகு மாதிரி மேலும் கீழும் ஆடுகிற இரண்டு தண்டுகள், அவற்றின் முனையில் சக்கரங்கள். வளைவில் வெளிப்பக்க டயர் தரையை இறுகப் பிடிக்கும்போது அந்தப் பிடிப்பே தண்டை உள்நோக்கித் தள்ளி, வண்டியின் பின்பக்கத்தைத் தூக்கப் பார்க்கும். அந்த நேரம் காலை எடுத்தால் எடை முன்னால் சாயும், பின்பக்கம் இன்னும் எழும், சக்கரம் உள்ளே மடங்கி ஓரத்தில் நிற்கும். அத்தோடு பிடிப்பு போச்சு. 1970இல் வந்த நாலாவது மாடலிலிருந்து குறுக்கே கிடக்கும் பட்டை ஸ்பிரிங்கை நடுவில் ஆடும்படி செய்து இதைப் பெருமளவு அடக்கிவிட்டார்கள். என் வண்டி அந்த வகை. அடக்கினார்களே தவிர ஒழிக்கவில்லை. நம் ஊர் ஸ்டாண்டர்டு கெஸலில் இந்த ஆக்ஸிலையே தூக்கிப் போட்டுவிட்டு ஒரே தண்டான சாதா ஆக்ஸில் வைத்தார்கள். பார்க்க அழகாயிராது, ஆனால் நம் சாலைக்கு அது சரியான முடிவு என்பேன்.

ஆகவே பின்னால் கண்மூடித்தனமாகப் பிடிப்பைக் கூட்டினால், தூக்குகிற விசையும் சேர்ந்து கூடும். இந்த வண்டியை வடிவமைத்தவர்கள் ஒல்லி டயரின் நழுவலையும் கணக்கில் சேர்த்துத்தான் சஸ்பென்ஷன் போட்டிருக்கிறார்கள். நான் 155/80 தான் வாங்கினேன். சின்னப் பெட்ரோல் கார்களுக்கு விற்கிற சாதாரண டயர். நாலுக்கும் மாட்டுகூலியோடு 240 பவுண்டு. கம்பீரம் ஒன்றும் இல்லை. ஆனால் தொண்ணூறுகளில் இருந்து டயர் ரப்பரில் சிலிக்கா சேர்க்க ஆரம்பித்த பிறகு, ஈரத்தில் இன்றைய சாதா டயருக்கு இருக்கிற பிடிப்பு இந்த வண்டி பிறந்த காலத்தில் எந்த விலைக்கும் கிடைத்திருக்காது.

டயர் கடைப் பையனுக்கு இருபது வயது இருக்கும். முன்பக்க பானெட் மட்கார்டோடு சேர்ந்து மொத்தமாக முன்னால் திறப்பதைப் பார்த்துவிட்டு, வேலையை விட்டுப் படம் எடுக்கப் போய்விட்டான். திரும்பி வந்து பழைய டயரை ரிம்மிலிருந்து கழற்றும்போது மரப்பட்டை உரிவது போல் ஒரு சத்தம். புதுசை மாட்டி, பேலன்சிங் செய்து, காற்றடித்துக் கொடுத்தான். ரப்பர் மானியை வைத்துப் பார்த்தேன்: 63.

கடையை விட்டு வெளியே வந்து முதல் திருப்பத்திலேயே எனக்கு வயிற்றைக் கலக்கியது. வண்டி பதறியது. ஸ்டீயரிங்கை லேசாகத் தொட்டாலே மூக்கு பாய்கிறது, பின்பக்கம் அதற்குப் பிறகு யோசித்து வருகிறது. புது டயரின் மேற்பரப்பு முதல் நூறு மைலுக்கு வழுக்கும் என்பது தெரியும். அதனால்தானோ என்று பயந்து பயந்து வீடு வந்து சேர்ந்து, கேஜ் வைத்துப் பார்த்தால் நாலு டயரிலும் 30. பையன் எல்லாக் காருக்கும் அடிக்கிற மாதிரி அடித்துவிட்டிருக்கிறான். சொல்லாமல் விட்டது என் தப்பு.

ஸ்பிட்ஃபயர் கையேட்டில் முன்னால் 21, பின்னால் 26. இந்த ஐந்து பிஎஸ்ஐ வித்தியாசம் அலங்காரத்துக்கு அல்ல. முன்னால் காற்று குறைவாக இருந்தால் முன் டயர் சற்று அதிகம் நழுவும், எல்லை நெருங்கும்போது மூக்குதான் முதலில் வெளியே போகும். அது பயமுறுத்தும், ஆனால் சுழற்றாது. ஸ்விங் ஆக்ஸில் வைத்த அமெரிக்க செவர்லே கோர்வேருக்கு முன்னால் 15, பின்னால் 26 என்று கம்பெனியே சொல்லியிருந்தது. எத்தனை பேர் அதைப் பின்பற்றியிருப்பார்கள்? கார்களின் ஆபத்துகளைப் பற்றி 1965இல் ரால்ஃப் நாடர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே அந்தக் காரைப் பற்றித்தான். ஒரு குடும்பத்தின் பாதுகாப்பு பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் பையன் கையில் விடப்பட்டிருந்தது என்பதை என் வீட்டு வாசலில் குந்தி, வால்வை அழுத்தி உஸ்ஸென்று காற்றை விட்டுக்கொண்டிருந்தபோதுதான் முழுசாகப் புரிந்துகொண்டேன்.

21, 26 வைத்த பிறகு கிளம்பினேன். இனி கொஞ்சம் மிகையாகத் தோன்றலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சத்தம். டேஷ்போர்டு முழுக்க இருந்த கடகடப்பு பாதியாகக் குறைந்துவிட்டது. கூரையில்லாத வண்டிகளில் குழியில் இறங்கினால் முன்கண்ணாடிச் சட்டமே ஒரு ஆட்டம் ஆடும். வயசாகிவிட்டது என்று நான் மன்னித்து வந்த ஆட்டம் அது. அதுவும் பெருமளவு போய்விட்டது. சின்னக் குழிகளை இப்போது டயரே விழுங்கிக்கொள்கிறது, சேஸி வரை அனுப்புவதில்லை. 55 மைல் நடுக்கம் சுத்தமாக இல்லை.

அப்புறம் ஸ்டீயரிங். இந்த வண்டியில் பவர் ஸ்டீயரிங் கிடையாது, சக்கரத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு ராக்கும் சில ஜாயின்ட்டும்தான். வாரிக் போகும் சாலையில் ஒரு நீண்ட வலது வளைவு உண்டு. பழைய டயரில் அதில் ஸ்டீயரிங் உயிரில்லாமல் ஒரே கனமாக இருக்கும், பிடிப்பு இருந்தாலும் அதே கனம், இல்லாவிட்டாலும் அதே கனம். இப்போது உள்ளே நுழைந்ததும் கையில் எடை ஏறுகிறது. இன்னும் கொஞ்சம் வேகம் கூட்டினால் அந்த எடை மெல்ல இளகுகிறது. முன் டயர் எல்லையை நெருங்கும்போது ஸ்டீயரிங்கை நேராக்க இழுக்கும் விசை குறைந்துவிடும் என்பது பாடப்புத்தகத்தில் படித்ததுதான். அது "போதும், இதுக்கு மேல வேண்டாம்" என்று உள்ளங்கையில் சொல்வதை அன்றைக்குத்தான் கேட்டேன். நாலு வருஷமாக இந்த வண்டி இதைச் சொல்ல முயன்று, நடுவில் 82 கடினத்தில் நாலு கட்டைகள் தடுத்துக்கொண்டிருந்திருக்கின்றன.

வேகம் கூடவில்லை. யாரையும் முந்தவும் இல்லை. அதே வளைவை அதே 45 மைலில்தான் போகிறேன், ஆனால் தோள்கள் இறுகியிருப்பதில்லை.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை ஆறரை மணி, நல்ல மழை. அந்த ரவுண்டானாவில் ஈ காக்கை இல்லை. அதே இருபது மைலில் நுழைந்து, பாதி வளைவில் வேண்டுமென்றே காலை எடுத்தேன். மூக்கு லேசாக உள்ளே திரும்பியது, பின்பக்கம் ஒரு சாண் இடம் மாறினாற்போல் இருந்தது, பிறகு பேசாமல் கூடவே வந்தது. இன்னொரு சுற்று போய் இன்னொரு தடவை செய்து பார்த்தேன். மூன்றாவது சுற்றுக்கு ஒரு பால் வேன் வந்து கெடுத்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் பெரியப்பாவைக் கூப்பிட்டு மொத்தக் கதையையும் சொன்னேன். காற்று 21, 26 என்றதும் சிரித்தார். "நாங்களும் பின்னால கொஞ்சம் தூக்கலாத்தான் வெப்போம். ஏன் எதுக்குன்னு யாருக்குத் தெரியும், அம்மாப்பேட்டை மெக்கானிக் சொன்னாரு, வெச்சோம்." பிறகு கேட்டார், "ஸ்டெப்னி?"

ஸ்டெப்னி என்றால் இங்கே யாருக்கும் புரியாது. இத்தனைக்கும் அந்தச் சொல் இந்தத் தீவிலிருந்துதான் நம்மிடம் வந்தது. வேல்ஸில் லனெத்லி என்ற ஊரில், ஸ்டெப்னி தெருவில், 1904இல் ஆரம்பித்த மாற்றுச் சக்கர வியாபாரம். பிறந்த ஊரில் மறந்துபோய் நம் ஊரில் ஓடிக்கொண்டிருக்கிறது.

போனை வைக்காமலேயே போய் டிக்கியைத் திறந்து, அட்டையைத் தூக்கி, டார்ச் அடித்தேன். பட்டன் அப்படியே இருந்தது, ஒரு மைல்கூட ஓடியிருக்காது. பக்கவாட்டில் நாலு இலக்கம் இல்லை, மூன்றுதான்: 167, பக்கத்தில் ஒரு குட்டி முக்கோணம். 1997ஆம் வருஷம், பதினாறாவது வாரம்.

"என்ன கண்ணு, சத்தத்தையே காணோம்?" என்றார் பெரியப்பா.

சனிக்கிழமை அதே கடைக்குப் போகிறேன். இந்த முறை 26 என்று ஒரு சீட்டில் எழுதி ரிம்மில் ஒட்டிக்கொண்டு.